உப்புக் கரண்டியிலிருந்து தொடங்குவோம்: வேலையிடத்தில் வீட்டுச் சமையல் வகுப்பு நடத்துவது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் அலுவலகத்தில் ஆரோக்கியச் சமையல் வகுப்பு ஒன்றை நடத்தித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் சமையல் கலைஞன் அல்ல. ஊட்டச்சத்து நிபுணனும் அல்ல. கணக்குப் பிரிவில் வேலை. நாள்தோறும் மதிய உணவை வீட்டிலிருந்து நானே சமைத்துக் கொண்டுவருபவன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி.

முதல் வகுப்பை எப்படியாவது சிறப்பாக நடத்திவிட வேண்டும் என்று இணையத்தில் தேடி, கீன்வா தானியத்தில் அவகாடோ சேர்த்த ஒரு சாலட்டைச் செய்து காட்டினேன். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், பாராட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து, யாராவது அதை வீட்டில் செய்து பார்த்தீர்களா என்று விசாரித்தேன். ஒருவர்கூட இல்லை.

எங்கள் தளத்தில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னார்: “நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா எங்க வீட்டுல அஞ்சு பேரு. ராத்திரிக்குச் சோறும் குழம்பும் இல்லாட்டி யாரும் தட்டுல கை வைக்க மாட்டாங்க. அந்தச் சாமான் பாக்கெட் என்ன வெல?”

விலையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

அதன் பிறகு நடத்திய வகுப்புகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். வேலையிடத்துச் சமையல் வகுப்பு, புதிய உணவை அறிமுகப்படுத்தும் இடம் அல்ல. வீட்டில் ஏற்கெனவே சமைக்கும் சாம்பாரையும் பொரியலையும் மீன் குழம்பையும் எடுத்து, அதில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதை அங்கேயே ருசிபார்க்க வைக்கும் இடம். அப்படி நடத்தினால்தான் வகுப்பில் செய்தது அன்று இரவே வீட்டு அடுப்புக்குப் போகும்.

உங்கள் வேலையிடத்திலும் யாராவது இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க நினைக்கலாம். அவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலையிடத்தில் ஏன்?

சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டில் நீரிழிவு நோய்க்கு எதிராகப் போர் அறிவித்தது நினைவிருக்கும். இந்நோய் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம் காணப்படுகிறது என்பதும் நம் வீடுகளுக்குப் புதிய செய்தி அல்ல. உயர் ரத்த அழுத்தமும் பலருக்கு உண்டு. 2021-2022 தேசிய மக்கள் சுகாதாரக் கருத்தாய்வில், மூன்றில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது.

இதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்துக் கருத்தாய்வின்படி, சிங்கப்பூர்வாசி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 2,000 மில்லிகிராம்தான்.

இந்தத் தகவல்களைச் சமூக மன்ற உரைகளிலும் மருந்தகச் சுவரொட்டிகளிலும் பலமுறை கேட்டிருப்போம், படித்திருப்போம். ஆனால் வாரயிறுதியில் நேரம் ஒதுக்கி ஓர் உரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள். அக்கறை இருந்தும் நேரம் இல்லாதவர்களும், “சமையலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று நினைக்கும் ஆண்களும் அங்கே போவதில்லை. அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். மதிய இடைவேளையில் பேண்ட்ரியிலிருந்து தாளிக்கும் மணம் வந்தால் எட்டிப் பார்க்கிறார்கள். வேலையிட வகுப்பின் பலம் அந்த எட்டிப் பார்த்தலில்தான் இருக்கிறது.

முதலில் கேளுங்கள்

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, பெயர் எழுதத் தேவையில்லாத சிறு தாள் ஒன்றைக் கொடுங்கள். அதில் மூன்று கேள்விகள் போதும். நேற்று இரவு வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? அதைச் சமைத்தது யார்? நீங்கள் சாப்பிடாத பொருள், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் என்னென்ன?

எங்கள் அலுவலகத்தில் வந்த பதில்களைப் பார்த்தபோது, அடுத்த ஆறு மாதத்துக்கான பாடத்திட்டம் அதிலேயே இருந்தது. சாம்பார், கோழிக் குழம்பு, சம்பல், சோயா சாஸ் ஊற்றிய கீரை, வறுத்த மீன், உடனடி நூடல்ஸ் என்று எழுதியிருந்தார்கள். கீன்வா என்று ஒருவரும் எழுதவில்லை.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. யாருக்கு நீரிழிவு, யாருக்கு ரத்த அழுத்தம் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பக்கத்தில் மேலாளர் உட்கார்ந்திருப்பார். தன் உடல்நிலை தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ, பதவி உயர்வு தள்ளிப்போகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. எடை பார்க்கும் கருவியை வைத்து எல்லார் முன்னாலும் நிறுத்துவதும் வேண்டாம். ஒருமுறை கூச்சப்பட்டு எழுந்து போனவர் மறுபடி வரமாட்டார். வகுப்பு எல்லாருக்கும் பொதுவானது. சாம்பாரில் உப்பைக் குறைப்பது நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நல்லதுதான்.

பேண்ட்ரிக்கு ஏற்ற சமையல்

வீட்டு அடுப்பு வேறு, அலுவலக பேண்ட்ரி வேறு. இதை நான் ஒரு புகை எச்சரிக்கை மணியின் மூலம் கற்றுக்கொண்டேன். இரண்டாவது வகுப்பில், வீட்டில் செய்வதுபோலவே எண்ணெயை நன்கு காயவைத்து, காய்ந்த மிளகாயையும் கடுகையும் ஒன்றாகப் போட்டேன். அடுத்த நிமிடமே அனைவரும் இருமினார்கள். சற்று நேரத்தில் மணி அடித்தது. கட்டடப் பாதுகாவலர் மேலே ஓடிவந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எஞ்சிய வகுப்பை அடுப்பே இல்லாமல் நடத்தினேன்.

எனவே தொடங்குமுன் கட்டட நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். புகையை உணரும் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து தள்ளி அடுப்பை வையுங்கள். எரிவாயு அடுப்பு வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பு போதும். மிதமான சூட்டில் முதலில் கடுகைப் பொரிய விட்டு, அடுப்பை அணைத்த பிறகு மிளகாயையும் கறிவேப்பிலையையும் போட்டு மூடிவிட்டால் நெடி எழாது. அதற்கும் வசதியில்லாவிட்டால் தாளிப்பை வீட்டிலேயே செய்து ஒரு சிறு டப்பாவில் கொண்டுவரலாம்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று ஏறத்தாழ 2,000 வாட் இழுக்கும். நம் 13 ஆம்பியர் மின்செருகி தாங்குவது 3,000 வாட் அளவுதான். ஒரே நீட்டிப்புக் கம்பியில் அடுப்பையும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டியையும் சேர்த்துச் செருகக்கூடாது.

அடுத்தது நேரம். மதிய இடைவேளை ஒரு மணி நேரம் என்றாலும் உங்கள் கையில் கிடைப்பது நாற்பது நிமிடம்தான். ஐந்து நிமிடம் அறிமுகம், இருபது நிமிடம் சமையல், பத்து நிமிடம் ருசிபார்த்தல், கடைசி ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு. இதற்குள் பருப்பு வேகாது. அதனால் முந்திய இரவே வேகவைத்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குளிர்பையில் எடுத்துவந்து, அலுவலகத்தில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்க வேண்டாம். மீந்த சோற்றை மாலைவரை மேசையில் விட்டுவைத்து யாருக்காவது கொடுப்பது நல்லெண்ணம்தான். ஆனால் நம் வெப்பத்தில் அது வயிற்றுக்குக் கேடு.

நான்கு வகுப்பு, நான்கு மாற்றம்

ஒரே வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மாற்றம் என்பதே நினைவில் நிற்கும்.

*முதல் வகுப்பு: உப்பு.* மேசையில் ஓர் உப்புப் பாத்திரத்தையும், கிராம் காட்டும் சிறிய தராசையும் வையுங்கள். ஐந்து பேருக்குச் சாம்பார் வைப்பதாக நினைத்து, வழக்கமாகப் போடும் உப்பை ஒவ்வொருவரும் தனித்தனிக் கிண்ணத்தில் போடட்டும். பிறகு நிறுத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் போட்டது மற்றொருவர் போட்டதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இருவருமே “அளவாகத்தான் போடுவேன்” என்று சொன்னவர்கள்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 கிராம். அதில் சோடியம் 2,000 மில்லிகிராம், அதாவது ஒருவருக்கு ஒரு நாள் வரம்பு முழுவதும். ஐந்து பேருக்கான சாம்பாரில் இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டால், ஆளுக்கு 800 மில்லிகிராம் சாம்பாரிலேயே வந்துவிடுகிறது. ரசம், பொரியல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் இனிமேல்தான். காலையில் சாப்பிட்ட பரோட்டாவையும் மாலையில் கொறித்த முறுக்கையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கைச் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்போது மூன்று கோப்பைகளில் சாம்பாரைக் கொடுங்கள். ஒன்றில் வழக்கமான உப்பு, இன்னொன்றில் அதில் முக்கால், மூன்றாவதில் பாதி. எது எது என்று சொல்ல வேண்டாம். பாதி உப்பைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்கமான உப்புக்கும் முக்கால் உப்புக்கும் வித்தியாசம் சொல்ல எங்கள் வகுப்பில் பலர் திணறினார்கள். ஆகவே முதல் மாதம் முக்கால் போதும். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். பிறகு இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

குறைந்த உப்பை ஈடுசெய்ய நம் சமையலிலேயே வழி இருக்கிறது. புளியின் புளிப்பு, இறக்கும்போது பிழியும் எலுமிச்சை, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், கடைசியில் தூவும் கொத்தமல்லி ஆகியவை உப்புக்குறை தெரியாமல் பார்த்துக்கொள்ளும். உப்பைத் தொடக்கத்தில் போடாமல் இறுதியில் ருசிபார்த்துப் போடுவதும் உதவும்.

பேரங்காடிகளில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை ரத்த அழுத்த மருந்துகளை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதைப் பயன்படுத்தக்கூடாது. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

*இரண்டாம் வகுப்பு: எண்ணெய்.* எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால் போதும். நால்வர் வாழும் வீட்டில் இரண்டு லிட்டர் புட்டி இரண்டு வாரத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு தேக்கரண்டி எண்ணெய். ஏறத்தாழ 300 கலோரி. யாரும் ஏழு தேக்கரண்டி எண்ணெயைக் குடிக்க மாட்டோம். ஆனால் அவ்வளவும் உள்ளே போகிறது.

செய்து காட்ட ஏற்றது பீன்ஸ் பொரியல். புட்டியிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிய பீன்ஸைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். எண்ணெயில் வதங்க வேண்டிய காய் ஆவியில் வெந்துவிடும். சில நிமிடத்தில் பச்சை நிறம் மாறாமல் தயாராகிவிடும். இறக்கும்போது தேங்காய்த் துருவல் ஒரு மேசைக்கரண்டி. இந்த வகுப்பில் நான் சொன்ன வார்த்தைகள் மிகக் குறைவு. கரண்டியைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

*மூன்றாம் வகுப்பு: சோறும் டப்பாவும்.* நம் வாழையிலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் சோறு மலைபோல் இருக்கும். காய்கறி இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு வழிகாட்டி இதைத் திருப்பிப் போடுகிறது. பாதித் தட்டு காய்கறி, பழம்; கால் தட்டு மீன், முட்டை, இறைச்சி, பருப்பு வகைகள்; கால் தட்டு சோறு, அதுவும் முழுத்தானியமாக இருந்தால் நல்லது.

தட்டைவிட டப்பாவில் இதைக் கற்றுக்கொடுப்பது எளிது. வழக்கமாக நாம் சோற்றை முதலில் போட்டுவிட்டு, மிஞ்சிய மூலையில் காயை வைக்கிறோம். வரிசையை மாற்றுங்கள். முதலில் காய்கறியைப் பாதி டப்பாவுக்கு வைக்கவேண்டும். பிறகு கெட்டியான பருப்போ மீனோ முட்டையோ. மீதி இடத்தில்தான் சோறு. உருளைக்கிழங்குப் பொரியலைச் சிலர் காய்கறிக் கணக்கில் வைப்பார்கள். அது சோற்றின் பங்கில் சேர வேண்டியது.

பழுப்பு அரிசியை ஒரேயடியாகத் திணித்தால் வீட்டில் எதிர்ப்பு வரும். மூன்று பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பு அரிசி என்று தொடங்கலாம். பழுப்பு அரிசியை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து வேகும்.

*நான்காம் வகுப்பு: தேங்காய்ப் பால்.* தேங்காய்ப் பாலில் கைவைத்தால் நம்மவர்கள் மட்டுமல்ல, மலாய், பெரனாக்கான் நண்பர்களும் சண்டைக்கு வருவார்கள். முழுவதும் நீக்கச் சொல்லாதீர்கள். பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். குறைந்த பாதிக்கு, குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பைக் காய்கறிக் குருமாவில் சேர்த்துப் பாருங்கள். கெட்டித்தன்மை வந்துவிடும், பருப்பின் சத்தும் சேரும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்ப் பாலை ஊற்றினால், கொஞ்சமாக இருந்தாலும் மணம் தூக்கலாக இருக்கும்.

இந்த நான்கும் முடிந்தபின் பேரங்காடிப் பொருள்களின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். காலிப் புட்டிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, இரண்டு சாஸ் புட்டிகளின் சோடியம் அளவை 100 மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். இனிப்புப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் குறியீடு 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கும் பானங்களுக்கும் அது பொருந்துகிறது. உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் 2027இல் விரிவுபடுத்தப்படும் என்று அரசாங்கம் அறிவித்துள்ளது. இப்போதே படித்துப் பழகியவர்களுக்கு அப்போது எளிதாக இருக்கும். வகுப்பு முடிந்து கோப்பிக் கடைக்குப் போகும்போது தே தாரிக்குக்குப் பதிலாக “தே ஓ கோசோங்” என்று யாராவது கேட்டால், அந்த வகுப்பு வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சாப்பிடக்கூடிய சட்டி

நம் வேலையிடங்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். ஒருவர்கூட வெறுமனே வேடிக்கை பார்க்கும் நிலை வரக்கூடாது. சைவ உணவு ஓரளவு எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் அதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. முஸ்லிம் நண்பர்களுக்குப் பொருள்கள் மட்டுமல்ல, பாத்திரமும் முக்கியம். வகுப்புக்கென்று புதிதாக ஒரு சட்டியும் கரண்டிகளும் வாங்கி, அவற்றில் இறைச்சியே சமைப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; ஹலால் முத்திரை உள்ள பொருள்களாக வாங்குங்கள். சைவச் சீன நண்பர்கள் சிலர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. சம்பல் செய்தால் பெலாச்சானில் இறால் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அவற்றைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

மாதம் ஒருவர் தன் வீட்டு உணவைக் கொண்டுவந்து வகுப்பை நடத்தலாம். சீன நண்பர் ஒருவர் சோயா சாஸ் அளவைப் பாதியாக்கி, இஞ்சியும் வெங்காயத்தாளும் கூட்டி மீனை ஆவியில் வேகவைத்துக் காட்டினார். அடுத்த வாரம் அதே முறையில் புளியும் மிளகும் சேர்த்துத் தமிழ் வீட்டு மீன் ஒன்று தயாரானது.

வீட்டில் சமைப்பவரிடம் போய்ச்சேர வேண்டும்

எங்களின் மூன்று கேள்விகளில் அதிகம் யோசிக்க வைத்தது இரண்டாவது: “சமைத்தது யார்?” வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் சமைப்பவர்கள் அல்லர். மனைவி, அம்மா, மாமியார், இல்லப் பணிப்பெண் என்று வேறொருவர் சமைக்கிறார். வகுப்பில் கற்றதைக் கணவர் வீட்டில் போய், “உப்பைக் குறை” என்று அதிகாரமாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு நாங்கள் இரண்டு வழிகளைக் கண்டோம். முதலாவது, ஒவ்வொரு வகுப்புக்கும் எழுத்து குறைவாக, படங்களோடு ஓர் அட்டை. கரண்டியின் படம், எண்ணிக்கை, அடுப்பின் படம், நிமிடம். இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண்ணும் பார்த்துப் புரிந்துகொள்வார். கண் மங்கிய பாட்டிக்கும் படம் தெரியும். கூடவே ஓர் அளவுக் கரண்டியையும் கொடுத்தோம். எந்த அறிவுரையையும்விட அந்தக் கரண்டி அதிகம் வேலை செய்தது.

இரண்டாவது, ஆண்களுக்கு ஒரு சிறு வேலை. “வாரத்தில் ஒருநாள் பொரியல் உங்கள் பொறுப்பு” என்று சொன்னோம். குறை சொல்வதற்குப் பதிலாகக் கரண்டியைக் கையில் எடுத்தால் பேச்சே மாறிவிடுகிறது. “சமைக்கத் தெரியாத எனக்கு எதற்கு வகுப்பு?” என்று கேட்ட நண்பர் ஒருவர் இப்போது ஞாயிறு காலையில் தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்குகிறார். அதை ஆய்வதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது என்ற புகாரும் இப்போது அவருடையதுதான்.

நம் எல்லையை அறிந்திருப்போம்

வகுப்பை நடத்தும் நாம் மருத்துவர் அல்ல. பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்குமா என்ற கேள்விகள் கட்டாயம் வரும். “தெரியாது, மருத்துவரைக் கேளுங்கள்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்கள், வகுப்பில் கேட்டதை நம்பித் திடீரென்று சோற்றைப் பெருமளவு குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். உணவு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதை நினைவூட்டினால் போதும்.

நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம்?

செலவு பெரிதல்ல. பதினைந்து பேர் ருசிபார்க்கும் அளவுக்குப் பருப்பு, காய்கறி, அரிசி வாங்க எங்களுக்கு ஒருமுறைகூட 40 வெள்ளியைத் தாண்டியதில்லை. அடுப்பும் சட்டியும் ஒருமுறைச் செலவு. பணத்தைவிட நேரத்தைத்தான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

மேசையில் வேலை பார்ப்பவர் இடைவேளையை முன்னேபின்னே நகர்த்திக்கொள்ளலாம். துப்புரவு ஊழியரும் பாதுகாவலரும் சரக்கறையில் வேலை செய்பவரும் அப்படிச் செய்ய முடியாது. அவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்கள் என்பதால் அழைப்பு மின்னஞ்சல்கூட அவர்களுக்குப் போவதில்லை. அவர்களையும் பெயர்சொல்லி அழைக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. இரவு வேலைக்காரர்களுக்காக மாலையில் ஒரு வகுப்பு வைக்கலாம். ஆரோக்கியம் அதிகம் தேவைப்படுபவர்களை வெளியே விட்டுவிட்டு நடத்தும் வகுப்பு, நிறுவனத்தின் செய்தி மடலுக்கு நல்ல படம் தரும், அவ்வளவுதான்.

மேலதிகாரி வந்தால் உரையாற்ற விடாதீர்கள். வெங்காயம் உரிக்கக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் அது நன்றாகவே வேலை செய்தது.

முக்கால் கரண்டி

சாலட் விலையைக் கேட்டுச் சிரித்த அக்கா, உப்பு வகுப்புக்கு வந்திருந்தார். அளவுக் கரண்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரு மாதம் கழித்துப் பேண்ட்ரியில் பார்த்தபோது கேட்டேன்.

“முக்கால்தான் போடுறேன். வீட்டுக்காரருக்குத் தெரியல, பிள்ளைங்களுக்கும் தெரியல. மாமியாருக்கு மட்டும் மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. தனியா ஒரு சிட்டிகை தூவிக்கிறாங்க. பரவாயில்ல, பேரப்பிள்ளைங்க தட்டுல தூவ விடமாட்டேன்” என்றார்.

ஐந்து பேரில் நால்வர். சட்டியைப் பிடித்திருக்கும் ஒருவர் மனம் வைத்தால் இவ்வளவு நடக்கிறது. உங்கள் பேண்ட்ரியில் ஓர் அடுப்பும் ஓர் அளவுக் கரண்டியும் வைக்க இடம் இருந்தால், அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். சாம்பாரிலிருந்தே தொடங்குங்கள்.